எட்டுக் காம்பரா லயத்துச் செவ்வாக்காரி

மலைநாட்டுல, நோட்டன் பிரிட்ஜுக்கு மேல இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்துல போய் வினோதான்னு கேட்டா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. செவ்வாக்காரின்னு கேளுங்க, கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கிற பொம்பளை கூடையைக்கூட எறக்காம கையை நீட்டிக் காட்டிருவா. மேல் டிவிசன், ஒரே கூரைக்குக் கீழ எட்டு வீடு ஒட்டி ஒட்டி நிக்கிற எட்டுக் காம்பரா லயம், மூணாவது காம்பரா. வேலை பிள்ளைக்காம்பராவுல. தாய்மாருங்க மலையில கொழுந்து எடுக்கிற நேரத்துல கைக்குழந்தைகளையும் நடை பழகுற பிள்ளைகளையும் பாத்துக்கிற எடம் அது. காலையில ஒம்பது பிள்ளைகளை வாங்கிக்குவா, சாயங்காலம் நாலரைக்கு ஒம்பதையும் திருப்பிக் குடுப்பா.

அந்தப் பட்டப்பேரு சும்மா வரல. வினோதாவுக்கு ஜாதகத்துல செவ்வா தோஷம். பத்தொம்பது வயசுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சாங்க. வட்டவளையில இருந்து ஒருத்தன் வந்தான். நல்லதண்ணி ஊருல யாத்திரை சீசனுக்குக் கடை போடுற ஒருத்தன் வந்தான். தேத்தண்ணி குடிச்சாங்க, பிஸ்கட் தின்னாங்க, ஜாதகத்தை வாங்கிட்டுப் போனாங்க, போனவங்க போனவங்கதான். இப்படியே ஏழு வருஷம். கடைசியில அதே தோஷம் உள்ள கஜேந்திரனைத் தேடிப் புடிச்சுக் கட்டி வச்சாங்க. கஜேந்திரன் தோட்டத்துல மருந்தடிக்கிற வேலை. கோவம் வந்தாலும் வாயைத் தொறக்க மாட்டான், சந்தோஷம் வந்தாலும் தொறக்க மாட்டான். அவன் அம்மா பேச்சியம்மா, ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசும்.

கொரோனாக் காலத்துல பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கெடந்துச்சே, அப்ப வினோதா மகளுக்குப் பத்து வயசு. பாடம் போன்ல வரும். லயத்துல அப்ப சிக்னல் கெடையாது. நாலாம் நம்பர் மலைக்கு ஏறிப் போய் அங்க இருக்கிற பாறை மேல நின்னாத்தான் போன் உசிரு புடிக்கும். அட்டை கடிக்கிற எடத்துல, குளவி கொட்டுற எடத்துல பிள்ளையைத் தனியா விட முடியுமா? வினோதாவும் கூடப் போய் குந்திக்கிட்டு இருப்பா. ஒரு நாள் கமலேஸ்வரி டீச்சர் ஒரு லிங்க் அனுப்பினாங்க. செவ்வாய்க் கிரகத்துல ஓடுற வண்டி அனுப்புற படங்களைப் பாத்து அஞ்சு வசனம் எழுதணும். மக அஞ்சு வசனத்தையும் கடகடன்னு எழுதிப் போட்டுட்டு வெளாடப் போயிட்டா. அம்மாக்காரி போனைக் கீழ வைக்கல.

என்னைய ஏழு வருஷம் வீட்டுல ஒக்கார வச்சவன் மூஞ்சி எப்படித்தான் இருக்குன்னு பாப்போமேன்னுதான் பாத்தேன்னு பின்னாடி எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பா. பாத்தா பாவம், வெறும் கல்லும் மண்ணுமா கெடக்கான், இவன் எங்க என் கல்யாணத்தை நிறுத்தினான்னு இருந்துச்சாம்.

அங்க ஆளில்லாம ஓடுற வண்டி ரெண்டு. ஒண்ணு அப்பத்தான் புதுசா எறங்கினது. இன்னொண்ணு ரெண்டாயிரத்துப் பன்னெண்டுலயே எறங்கின பழசு, கியூரியோசிட்டின்னு பேரு. பழசு ஒரு மலையில ஏறிக்கிட்டு இருந்துச்சு. மலையில பொறந்தவ மலையேறுற வண்டியை விட்டுட்டு வேற எதைப் பாப்பா? புடிச்சவ புடிச்சவதான். பகல்ல பிள்ளைகள் தூங்குற ஒண்ணரை மணி நேரம், தொட்டிலை ஒரு கையால ஆட்டிக்கிட்டே மறு கையால அன்னைக்கு வந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பாப்பா. பாதிக்கு மேல கறுப்பு வெள்ளை. கல்லு, மணலு, வண்டியோட சொந்த நெழலு, வண்டியோட சக்கரச் சில்லு. கீழ இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கும். அவளுக்கு அது எத்தனையாம் நாள் படம்ங்கிற நம்பர் போதும்.

அந்தச் சில்லைப் பத்தித்தான் அவளுக்குக் கவலை. ஆறு சில்லு, அலுமினியம். கூரான கல்லுல ஏறி ஏறி ஓட்டை விழுந்து போச்சு. கொஞ்ச தூரம் ஓடினதும் வண்டி தன் கையை நீட்டிச் சில்லைப் படம் புடிச்சு அனுப்பும், ஓட்டை எவ்வளவு பெருசாயிருச்சுன்னு பாக்க. பாத்து என்ன பண்ண? அத்தனை பெரிய படிப்பு படிச்சவங்க, ஒரு ஒட்டுப் போடக்கூட அங்க கை எட்டாது. இனி ஏத்துற பாதையாச்சும் கொஞ்சம் மெத்தையான மண்ணா இருக்கட்டும்னு பாத்து ஓட்டுவாங்க. வினோதா இங்க இருந்துக்கிட்டு, அந்தக் கல்லு மேல ஏத்தாதீங்கடான்னு தொட்டிலைப் பாத்துத் திட்டுவா. ஒரு தடவை சில்லு ஏறி ஒரு கல்லு ஒடைஞ்சு போச்சு, உள்ளுக்குள்ள பாத்தா மஞ்சமஞ்சேர்னு கந்தகம். அந்தப் படத்தை லயம் பூரா கொண்டு போய்க் காட்டினா. பேச்சியம்மா கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, மஞ்சளா வந்தா நல்லதுதான்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிருச்சு.

இன்னொரு விஷயம் இருக்கு, அதைச் சொல்ல அவளுக்கே வெக்கம். ஒரு படத்துல பாத்த பாறையை ரெண்டு வருஷமா அவ பெரிய மலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா. அது கையளவு கல்லு. படத்துல அளவு தெரியாதில்ல. அதுக்குத்தான் அந்த வண்டியில நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு அமெரிக்கக் காசை ஒட்டி அனுப்பியிருக்காங்க. தெரிஞ்ச பொருள் ஒண்ணு பக்கத்துல இருந்தாத் தெரியாததோட அளவு தெரியும்னு. அது தெரிஞ்ச அன்னைக்கு அவ தன் தலையில தானே குட்டிக்கிட்டா.

போன கார்த்திகையில அடிச்ச புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கீழ் டிவிசன்ல ரெண்டு லயம் மண்ணுக்கு அடியில போச்சு. ஆளுங்க முந்தியே பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டதால உசிருச் சேதம் இல்ல. மேல் டிவிசனுக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் எல்லாரும் மாரியம்மனுக்குத் தேங்கா ஒடைச்சாங்க. மழை விட்டு நாலாம் நாள் வாசலைக் கூட்டுறப்ப வினோதா கண்ணுல அது பட்டுச்சு. லயத்து வாசல், அதுக்கு அந்தப் பக்கம் மண்மேடு, அதுக்கு மேல தேயிலை. அந்த வாசல்ல மொதக் காம்பராவுல தொடங்கி எட்டாவது காம்பரா வரைக்கும் ஒரு வெடிப்பு, சுண்டு விரல் நொழையிற அளவு. மத்தவங்க தண்ணி ஓடின தடம்னு நெனச்சுத் தாண்டித் தாண்டிப் போய்க்கிட்டு இருந்தாங்க.

அஞ்சு வருஷமா கல்லையும் மண்ணையும் வெடிப்பையுமே பாத்த கண்ணு அது. குந்திப் பாத்தா. காஞ்சு வெடிச்ச மண்ணுன்னா ரெண்டு கரையும் ஒரே மட்டத்துல இருக்கும். இங்க வீட்டுப் பக்கத்துக் கரை நகக்கண்ணு அளவு எறங்கி இருந்துச்சு. அப்ப வெடிச்சது வாசல் மட்டும் கெடையாது, வீட்டோட சேத்து நெலமே கீழ எறங்குதுன்னு அவளுக்குத் தோணுச்சு.

அன்னையில இருந்து தினம் ஒரு படம். காலையில தேத்தண்ணி குடிச்ச கையோட, ஒரே கல்லு மேல நின்னு, வெடிப்பு மேல ஒரு பத்து ரூபாக் காசை வச்சு எடுப்பா. மொத நாள் காசு வெடிப்பு மேல நல்லாப் படுத்துக் கெடந்துச்சு. பன்னெண்டாம் நாள் ஒரு பக்கம் சாஞ்சுச்சு. பத்தொம்பதாம் நாள் வச்சதும் உள்ள போயிருச்சு. விழுந்த சத்தம்கூடக் கேக்கல. அதுக்கப்புறம் பால்மா டின் மூடியை வச்சா.

புருஷன்கிட்டக் காட்டினா. கஜேந்திரன் ஒவ்வொரு படமாப் பாத்தான், எந்திரிச்சுப் போய் வாசல்ல நின்னான், வந்து சாப்பிட ஒக்காந்தான். தொழிற்சங்கத் தலைவர் பொன்னையா பரவாயில்ல, ஆளு நல்லவரு, சங்கத்துல இருபது வருஷமா இருக்கிறவரு. ஒடனே மண்சரிவு பாக்கிற ஆபீசுக்கு ஒரு மனு எழுதி, வினோதா எடுத்த மூணு படத்தையும் அவ போன் நம்பரையும் சேத்து அனுப்பினாரு. தோட்டத்தை நடத்துற தொரைகிட்டயும் சொன்னாரு. ஆபீசர்மாரு வந்து பாக்கட்டும்னு தொர சொல்லிட்டாரு. ஆபீசர்மாரு வரல. சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரத்துல மலைநாடு முழுக்க எங்க பாத்தாலும் சரிஞ்சு கெடந்துச்சு, அவங்களும் எத்தனை எடத்துக்குத்தான் ஓடுவாங்க.

நாள் போகப் போக வினோதாவுக்கு நாலரை மணி வந்தாலே நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சுச்சு. பிள்ளைக்காம்பராவுல இருக்கிற ஒம்பது பிள்ளைகள்ல ஆறு அவ லயத்துப் பிள்ளைகள். அதுல எல்லாத்துக்கும் சின்னது ஆறாவது காம்பரா ஜெயந்தினியோட ஏழு மாசக் குழந்தை, கிஷாந்த். பகல் பூரா எறும்பு கடிக்காம, தண்ணி வாளிக்கிட்டப் போகாமப் பாத்துப் பாத்து வச்சிருந்து, நாலரைக்குத் தூக்கிக் குடுக்கிறா. தாய் அதை இடுப்புல வச்சுக்கிட்டு எங்க போறா? அந்த வெடிப்பைத் தாண்டி உள்ள போறா. என்ன சொல்லி நிறுத்த? நிறுத்தி எங்க அனுப்ப?

மார்கழி கடைசியில செவ்வாயில இருந்து படம் வர்றதும் நின்னு போச்சு. செவ்வாய்க்கும் நமக்கும் நடுவுல சூரியன் வந்துட்டா ரெண்டு மூணு கிழமைக்கு, ஒரு இருபது நாளைக்குச் சேதி போகாது, வராது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா இப்படி ஆகும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் தினம் போனைத் தொறந்து பாப்பா. பழைய படமே நிக்கும். ஒன் ஆளு கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டானான்னு ஜெயந்தினி கேலி பண்ணுவா. இவளும் சிரிப்பா, சிரிச்சுட்டு ஜெயந்தினி கையில இருக்கிற பிள்ளையைப் பாப்பா.

இதுக்கு நடுவுல லயத்துக்காரங்க மனசு மாறிப் போச்சு. கீழ் டிவிசன்காரங்களைப் பாக்கப் போயிட்டு வந்தவங்கதான் மாத்தினது. பள்ளிக்கூடம் தொறந்ததும் அவங்களை மைதானத்துல கூடாரத்துக்கு மாத்தியாச்சு. காணி தர்றோம், வீடு தர்றோம்னு சொன்னவங்க வந்து போட்டோ புடிச்சுட்டுப் போனதோட சரி. கூடாரத்துக்குள்ள தண்ணி, பிள்ளைகளுக்கு இருமல், பொம்பளைங்க குளிக்க மறைவில்ல. வீடு ஆபத்துன்னு ஒரு தடவை எழுதிட்டாங்கன்னா நம்ம கதியும் இதுதான்னு பேசிக்கிட்டாங்க. நாலு தலைமுறையா இருக்கிற காம்பரா, இத்தனை மழையைப் பாத்தது, இனியா விழப் போகுதுன்னு பேச்சியம்மா கேட்டுச்சு.  எதுத்துப் பேசி, இங்க போவோம்னு ஒரு எடத்தைக் காட்ட வினோதாகிட்டயும் ஒண்ணும் இல்ல.

பொங்கல் வந்துச்சு. பொங்கலுக்கு மொத நாள் லயமே வாசல்ல எறங்கிருச்சு. செவுத்துக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குச் சாணி, வருஷா வருஷம் நடக்கிறதுதானே. பொளந்து கெடக்கிற வாசல்ல அடுப்பு மூட்டிப் பானை வச்சா வெளங்குமா? ஆம்பளைங்க தண்ணி ஓடுற கான் வெட்டின மண்ணைக் கூடை கூடையாக் கொண்டாந்து வெடிப்புல கொட்டி, ஒடைஞ்ச செங்கல்லைப் போட்டு மிதிச்சு மட்டம் பண்ணிட்டாங்க. பொம்பளைங்க மேல மெழுகினாங்க. அவங்கவங்க காம்பரா வாசலை அவங்கவங்கதான் மெழுகணும். வினோதாவும், மண்ணு கொட்டுறதுக்கு முந்தி அன்னைக்குரிய படத்தை அவசரமா எடுத்துட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு சாணி கரைச்சா. பொங்கலன்னைக்கு விடியக்காலையில அவதான் கோலமும் போட்டா. லயத்துல அவ கைதான் கோலத்துக்குப் பேர் போன கை. எட்டுக் காம்பராவுக்கும் சேத்து ஒரே கோலம், வாசல் நெறஞ்சு கெடந்துச்சு. போட்டு முடிச்சு நிமிந்து பாத்தப்ப அவளுக்கே ஒரு நிமிஷம் அழகா இருக்கேன்னுதான் தோணுச்சு, அந்த நெனப்பு வந்ததுக்கு அப்புறம் அழுகை வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் பொன்னையாவுக்குப் போன். நாளைக்குக் காலையில ஆபீசர் வர்றாரு. இத்தனை நாளா வராதவங்க மாட்டுப் பொங்கலன்னைக்கு வர்றாங்க. பொன்னையா ஒவ்வொரு காம்பராவாப் போய்ச் சொன்னாரு, யாரும் வாயைத் தொறக்காதீங்க, காணி எங்கன்னு எழுத்துல காட்டட்டும், அப்புறம் வெடிப்பைக் காட்டுவோம். அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. அதான் கொடுமை, யார் பேசினாலும் அதுல நியாயம் இருந்துச்சு.

வந்த ஆபீசர் சஞ்சயன்னு ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன், முப்பது வயசு இருக்கும். மூஞ்சியில தூக்கமில்லாதது தெரிஞ்சுச்சு. வாசலைப் பாத்தாரு. பச்சையா மெழுகி, கோலம் போட்டு, பளிச்சுன்னு கெடக்கு. செவுத்தைப் பாத்தாரு, புதுச் சுண்ணாம்பு. வெடிப்பு எங்கன்னு கேட்டாரு. அது பழைய கான் தொர, தண்ணி ஓடினது, மூடிட்டோம்னு பொன்னையா சொன்னாரு. மனுவுல இருந்த நம்பர் யாருதுன்னு கேட்டப்ப வினோதா முன்னால வர வேண்டியதாப் போச்சு. மிச்சப் படமும் இருக்கான்னு கேட்டு அவர் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பாக்குறாரு. வெடிப்பு வருது, அப்புறம் செவ்வாய்க் கல்லு, அப்புறம் வெடிப்பு, அப்புறம் ஓட்டைச் சில்லு, அப்புறம் மணல்ல ஒரு வெடிப்பு, எல்லாம் கலந்து கெடக்கு. அவருக்கே கொழப்பம்.

பொன்னையாவுக்கு அப்பத்தான் புத்தி ஓடுச்சு. இந்தப் பிள்ளைக்குச் செவ்வாக் கிரகப் பைத்தியம் தொர, பகல் பூரா அதுதான் பாக்கும், அந்தப் படமெல்லாம் அங்க எடுத்ததுதான்னு சொல்லிட்டாரு. லயமே சிரிச்சுச்சு. ஆமா சார், செவ்வாக்காரின்னு கேட்டாத் தோட்டமே சொல்லும்னு ஜெயந்தினியும் சேந்துக்கிட்டா. கஜேந்திரன் மட்டும் சிரிக்கல, தரையைப் பாத்துக்கிட்டு நின்னான்.

சஞ்சயன் ஒரு படத்தை விரலால பெருசாக்கினாரு.

"செவ்வாயில எங்கட பத்து ரூபாக் குத்தி கிடக்குமோ தலைவர்?"

சிரிப்பு நின்னு போச்சு. அவர் பொன்னையாவைத் திட்டல, கோவப்படவும் இல்ல. போனை வினோதா கையில குடுத்தாரு.

"அக்கா, நான் வாசலைத் தோண்டிப் பாக்க ஏலும். ஆனா நீங்கள் சொன்னாலே போதும். இது எங்க கிடக்கு?"

வினோதா சுத்திப் பாத்தா. எட்டுக் காம்பராவும் நிக்குது. மாமியா நிக்குது. ஜெயந்தினி கிஷாந்தை மாரோட சேத்துக்கிட்டு நிக்கிறா, அவ கண்ணுல சொல்லிராதேன்னு கெஞ்சல். அந்தப் பிள்ளை வினோதாவைப் பாத்ததும் பழக்கத்துல ரெண்டு கையையும் நீட்டுச்சு.  வினோதா நேராப் போய்த் தான் போட்ட கோலத்து நடுவுல நின்னு, குதிகாலை ஊனி மிதிச்சா. மெழுகின சாணி பொடக்குன்னு ஒடைஞ்சு, கால் உள்ள போச்சு, கணுக்கால் வரைக்கும்.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகமா நடந்துச்சு. கம்பியை விட்டு ஆழம் பாத்தாங்க, டேப்பை விட்டு அளந்தாங்க. அன்னைக்கே வெளியேறணும்னு சஞ்சயன் எழுதிக் குடுத்து, கதவுக்குக் கதவு செவப்புக் காயிதம் ஒட்டினாரு. எங்க போறதுன்னு கேட்டதுக்கு, கோயில் மண்டபம் இருக்கில்லன்னு பொன்னையாதான் கடைசியில சொன்னாரு. எட்டுக் குடும்பமும் பாயும் சட்டியுமா மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஏறிச்சு. அடுப்பு வெளியில, படுக்கை உள்ள, குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவுல சேலை கட்டி மறைப்பு.

யாரும் வினோதாவைத் திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. பேச்சு நின்னு போச்சு, அவ்வளவுதான். தண்ணிக் குழாய்க்கிட்ட இவ போனா மத்தவங்க கொடத்தை எடுத்துக்கிட்டு நகந்துக்குவாங்க. ஜெயந்தினி பிள்ளையை விட்டுட்டுப் போறப்ப மூஞ்சியைப் பாக்க மாட்டா. செவ்வாக்காரின்னு கூப்பிடுறதுல முன்ன ஒரு செல்லம் இருந்துச்சு, இப்ப அது இல்ல. தினம் காலையில தனியா லயத்துக்கு எறங்கிப் போய்ப் படம் எடுத்து சஞ்சயனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு வருவா. அவரும் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்புவாரு. செவ்வாயில இருந்து படம் திரும்ப வர ஆரம்பிச்சிருந்துச்சு, அதையும் பாத்தா. பாத்தாளே தவிர மனசு ஒட்டல. ஆனா சாயங்காலம் நாலரைக்கு நெஞ்சு அடைக்கிறது மட்டும் நின்னிருந்துச்சு. பேசாட்டிப் போறாங்க, பிள்ளைகள் மண்டபத்துல படுக்குதேன்னு தனக்குத் தானே சொல்லிக்குவா.

அதுவும் ஆறு கிழமைதான். மாசி மாசம் ஒரு புதன்கிழமை காலையில அவ மக வயசுக்கு வந்துட்டா.

கோயில் மண்டபம். தலைக்குத் தண்ணி ஊத்தித் தீட்டுக் கழியிற வரைக்கும் அந்தப் பிள்ளை கோயில் எல்லைக்குள்ள ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. தாய் தகப்பனும்தான். பூசாரி கோவமாக்கூடச் சொல்லல, நான் என்னம்மா செய்யட்டும்னு கைய விரிச்சாரு. சாதாரண நாள்ல பொம்பளைங்க மூணு நாளைக்கு வெளியில இருக்கிற தகரக் கொட்டகையில இருந்துக்குவாங்க. இது பதினாறு நாள் விஷயம், வயசுக்கு வந்த பிள்ளையைக் கதவில்லாத கொட்டகையில வைக்க முடியுமா? வினோதா எங்கெல்லாம் கேக்கணுமோ அங்கெல்லாம் கேட்டா. பிள்ளைக்காம்பராவைக் கேட்டா, அது தோட்டத்துச் சொத்து, படுக்கக் குடுக்க மாட்டோம்னாங்க. வட்டவளையில இருக்கிற அக்காவைக் கேட்டா, அவங்க வீட்டுல கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருந்தாங்க. போன்ல பேசிக்கிட்டு இருக்கிறப்பவே கஜேந்திரன் பாயைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான்.

"அந்த வீட்டுக்கு மட்டும் வேணாங்க."

"வேற எந்த வீடு இருக்கு?"

அவன் கேட்டது கோவத்துல இல்ல. நெசமாவே இவளுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருந்தாச் சொல்லட்டும்னு நின்னு பாத்தான்.  மகளைச் சேலையால போர்த்திக் கூட்டிக்கிட்டு, மாமியாளைக் கையைப் புடிச்சு எறக்கிக்கிட்டு, செவ்வாக்காரி மொத ஆளா மூணாவது காம்பராவுக்குத் திரும்பி வந்தா. கதவுல சஞ்சயன் ஒட்டின செவப்புக் காயிதம் அப்படியே இருந்துச்சு. அதைக் கிழிக்காமக் கதவைத் தொறந்து உள்ள போனாங்க.

மறுநாள் சாயங்காலம் மொதக் காம்பராக்காரங்க வந்தாங்க. அதுக்கடுத்த நாள் ரெண்டு குடும்பம். வாசல்ல போய் நின்னு வினோதா வழி மறிச்சா. இது எறங்கிக்கிட்டு இருக்கு, நேத்துக்கூட அளந்தேன், எனக்கு வேற வழியில்லாமத்தான் வந்தேன், நீங்க வராதீங்கன்னு கும்பிட்டுச் சொன்னா. ஜெயந்தினி அன்னைக்குத்தான் ஆறு கிழமைக்கப்புறம் அவ மூஞ்சியை நேராப் பாத்தா.

"நீ ஒன் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துட்ட இல்ல அக்கா, அப்புறம் எங்களுக்கு என்ன பயம்?"

 வினோதா கும்பிட்ட கையை எறக்கினா. ஜெயந்தினி அவளைச் சுத்திக்கிட்டு, வெடிப்பைத் தாண்டி, பிள்ளையோட உள்ள போயிட்டா. கிழமை முடியிறதுக்குள்ள எட்டுக் காம்பராவுலயும் அடுப்பு எரிஞ்சுச்சு, பதினாறு நாள் கழிஞ்சும் யாரும் மண்டபத்துக்குத் திரும்பல. பேச்சும் திரும்ப வந்துச்சு, கேலியும் வந்துச்சு, பொங்கலுக்கு மிஞ்சின வெல்லத்துல பேச்சியம்மா பேத்திக்குக் களி கிண்டினதை எட்டு வீட்டுக்கும் குடுத்துச்சு. எல்லாரும் பழையபடி சிரிச்சாங்க, வினோதா மட்டும் அதுல சேரல. நாலரை மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக் குடுத்துட்டுச் செவுத்தோட சாஞ்சு நின்னுக்குவா. நான் திரும்பி வராம இருந்திருந்தா இவங்க பயத்துலயாச்சும் இருந்திருப்பாங்க. இப்ப அதையும் நானே எடுத்துட்டேன்னு ஒரு நாள் புருஷன்கிட்டச் சொல்லி அழுதா. கஜேந்திரன் அவ தலையில கையை வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான்.

பங்குனி பாதியில ஒரு நாள் பகல்ல, பிள்ளைகள் தூங்கிக்கிட்டு இருக்கிறப்ப, சஞ்சயன் போன் பண்ணினாரு. தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தி பெரிய மழை வரப் போகுதுன்னு அறிக்கை வந்திருக்காம். கோயில் மண்டபத்துல எல்லாரும் சுகமான்னு விசாரிச்சாரு. வினோதா தொட்டில் கயித்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டா.

"நாங்க மண்டபத்துல இல்லங்க சார். லயத்துலதான் இருக்கோம்."

"எத்தினை குடும்பம்?"

"எட்டும்தாங்க சார்."

மகள் விஷயத்தைச் சொன்னா, மத்தவங்க வந்ததைச் சொன்னா, எல்லாம் தன்னாலதான்னும் சொன்னா.   காணி விஷயமா மேல எழுதியிருக்கிறதாவும் இன்னும் பதில் வரலன்னும் அவர் மெதுவாச் சொன்னாரு. தன்கிட்ட இருக்கிற பட்டியல்ல இதே மாதிரி எத்தனையோ லயம் இருக்குன்னாரு. அப்புறம் தினம் அனுப்புற படத்தை மட்டும் நிறுத்தாம அனுப்பச் சொல்லிக் கேட்டாரு.

"அனுப்புறேங்க சார். அனுப்பினா நீங்க என்ன செய்வீங்க?"

அவர் அதிகாரி மாதிரிப் பேசல. 

"பாப்பன் அக்கா."

மறுநாள் காலையில தேத்தண்ணி குடிச்ச கையோட வினோதா வாசல்ல எறங்கினா. லேசாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. டின் மூடி உள்ள போயிரும்னு இப்ப சாப்பாட்டுத் தட்டை வச்சு எடுக்கிறா. ஜெயந்தினி கிஷாந்துக்கு மூஞ்சி கழுவி விட்டுக்கிட்டு இருந்தா, மக பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தா. வினோதா படத்தை அனுப்பிட்டு அங்கேயே குந்திக்கிட்டுப் போனைப் பாத்துக்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரத்துல படத்துக்குக் கீழ ரெண்டு டிக் கோடும் நீலமாச்சு. பாத்துட்டாரு.